வாசிக்கத் தெரியாத வீடு

எழுதுகிறவனுக்கு என்ன பரிசு வாங்கிக் கொடுப்பது என்று யாரும் எழுதுகிறவனிடம் கேட்பதில்லை. கேட்டிருந்தால் என் அலமாரியில் இன்று பதினேழு பேனாக்கள் சும்மா கிடக்காது. நான் எழுதுவது பெட்டிக்கடையில் அட்டையில் சொருகித் தொங்கவிட்டிருக்கும் பேனாவால். பரிசுப் பேனா அப்படியில்லை. வெல்வெட் பெட்டிக்குள் மாப்பிள்ளை மாதிரி படுத்திருக்கும். எடுத்து இரண்டு வரி எழுதினால் கனத்தில் விரல் வலிக்கும். பேனா தராதவர்கள் டைரி தருவார்கள். தேதியும் கிழமையும் ராகுகாலமும் அச்சடித்த தாளில் எவன் கதை எழுதுவான்? மீதிப் பேர் பொன்னாடை போர்த்துவார்கள். எனக்குக் கிடைத்த மூன்று பொன்னாடைகளும் இப்போது டிவிக்கும் மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும் உறையாக இருக்கின்றன. வந்ததில் அதுதான் கொஞ்சமாவது உபயோகப்பட்டது.

நான் வேலாயுதன். கேரள அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு குன்னத்துகால் பக்கம். இங்கிருந்து பனச்சமூடுக்குப் போனால் ரோட்டின் ஒரு பக்கம் கேரளம், மறுபக்கம் தமிழ்நாடு. பத்தாம் வகுப்பு வரை அந்தப் பக்கத்தில், அம்மாவன் என்று நாங்கள் சொல்லும் தாய்மாமன் வீட்டில் நின்று தமிழில் படித்தேன். அதனால் தமிழில் எழுதுகிறேன். இரண்டு புத்தகம் வந்திருக்கிறது. டிப்போவில் என்னை ‘சாகித்யகாரன்’ என்று கூப்பிடுவார்கள். ஒருவரும் ஒரு வரி வாசித்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று மைக்கில் என் எழுத்தைப் பற்றி அரைமணி நேரம் புகழ்ந்துவிட்டு ஒரு சுவர்க்கடிகாரமும் குடையும் கொடுத்தார்கள்.

மகன் தீபு கொச்சியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவனும் வருஷம் தவறாமல் ஏதாவது அனுப்புவான். முதுகு வலிக்காத நாற்காலி. மூன்று விதமாக எரியும் மேஜை விளக்கு. தமிழ் எழுத்து ஒட்டிய கீபோர்டு. பெட்டியைப் பிரிக்கும்போதே எனக்கு ஆத்திரம் வரும். பிள்ளை ஆசையாக வாங்கி அனுப்புகிறான், அதற்கும் கோபப்படுகிற மனிதன் நான். என்ன செய்ய, குணம் அப்படி.

என் மனைவி சத்யபாமா மட்டும் எனக்கு எதுவும் வாங்கித் தந்ததில்லை. ஆனால் அவளிடமிருந்துதான் எழுதுகிறவனுக்கு வேண்டிய ஒன்று எனக்குக் கிடைத்திருந்தது. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பூவாறில் பிறந்தவள், மலையாளத்தில் படித்தவள். நாங்கள் வீட்டில் பேசுவது தமிழா மலையாளமா என்று எங்களுக்கே தெரியாது, ஆனால் எழுத்து என்று வந்தால் அவளுக்கு மலையாளம்தான். தீபுவும் அப்படியே. அக்கம்பக்கத்திலும் அப்படியே.

இது எவ்வளவு பெரிய வசதி என்று வேறு ஊர் எழுத்தாளர்களுக்குத் தெரியாது. அவர்கள் நோட்டை மெத்தைக்கு அடியில் ஒளிக்க வேண்டும், பீரோவைப் பூட்டி சாவியை இடுப்பில் சொருக வேண்டும். நான் சாப்பாட்டு மேஜையில் நோட்டைத் திறந்துபோட்டுவிட்டு டியூட்டிக்குப் போவேன். சத்யபாமா அதன்மேல் காய்கறி நறுக்குவாள். கஞ்சிச் சட்டியைக்கூட ஒருநாள் அதன்மேல் வைத்தாள், அந்த வட்டம் இன்னும் இருக்கிறது. மேஜையில் அவளுக்கு முன்னாலேயே உட்கார்ந்து அவளைப் பற்றி எழுதுவேன். அவள் எதிரில் உட்கார்ந்து பயறு உரிப்பாள். பூட்டே இல்லாத பூட்டு அது. முப்பது வருஷம் அந்தப் பூட்டை நம்பினேன்.

எங்களுக்கு தீபுவுக்கு முன் ஒரு மகள் இருந்தாள். நீது. நாலு வயதில் போய்விட்டாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைப்பதில் பிரயோஜனம் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி ஒன்று இருந்தது. இடவப்பாதி என்று சொல்லும் பருவமழையில் அது நிறைந்து குளம் போல நிற்கும். தொண்ணூற்றெட்டு ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விடுப்பு. மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். சத்யபாமா ஓடையில் அலசத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: “ஞான் தோட்டுக்குப் போறேன். மோள பாத்துக்கிடுங்க.” நான் தலையைத் தூக்காமல் ‘உம்’ என்றேன். அவள் போனாள். நான் எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்து “மோள் எங்க?” என்று கேட்டபோதுதான் தலையைத் தூக்கினேன்.

போலீஸ் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் குழந்தையை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாய் என்று மலையாளத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சத்யபாமா சொன்னாள், “ஆரையும் ஏல்பிச்சில்ல சாரே. ஞான் ஆருக்கிட்டயும் செல்லாம போயிட்டேன்.” அவர் எழுதிக்கொண்டார். நான் பேசாமல் நின்றேன். பிள்ளை போன அதிர்ச்சியில் சொன்னதையே மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். திருத்த வேண்டும் என்றும் நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், பதினாறு கழிந்து சொல்லலாம் என்று நினைத்து நினைத்து சொல்லாமலே விட்டேன். என் அம்மா சாகும் வரை இவள் கையால் பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. “பிள்ளைய விட்டுட்டு துணி அலச போனவளாக்கும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பதிலாக எழுதினேன். அச்சில் வந்ததெல்லாம் பஸ்ஸும் பயணிகளும்தான். நீது வருகிற எழுத்தெல்லாம் நோட்டோடு நின்றது, முக்கியமாக ஒரு பச்சை அட்டை நோட்டில். அதில் ஒரு பெண் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போகிறாள், குழந்தை குழியில் விழுகிறது, புருஷன் அவளை மன்னிக்கிறான். அதைத் திருத்தித் திருத்தி ஒன்பது தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் புருஷன் இன்னும் கொஞ்சம் நல்லவனானான். ஐந்தாவது தடவைக்கு மேல் அது அப்படித்தான் நடந்தது என்று நானே முக்கால்வாசி நம்பிவிட்டேன்.

சத்யபாமா ஒரே ஒரு தடவை நோட்டில் விரல் வைத்துக் கேட்டிருக்கிறாள்.

“இங்க கொறே இடத்தில ஒண்ணுபோல வருதே, இது என்ன எழுத்து?”

“மோளுக்க பேரு.”

அன்றிலிருந்து மேஜை துடைக்கும்போது அந்தப் பச்சை நோட்டை மட்டும் சேலைத் தலைப்பால் துடைத்து வைப்பாள். எனக்கு அது தெரியும். அதைப் பார்த்தும் நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

போன விஜயதசமியிலிருந்து அவள் புதன்கிழமை தோறும் பனச்சமூடுக்குப் போக ஆரம்பித்தாள். முட்டுவலிக்கு அங்கே ஒரு வைத்தியசாலையில் எண்ணெய் போடுகிறார்கள் என்றாள். போகட்டும் என்று விட்டேன். உண்மையில் அவள் போனது ராஜபாயின் தையல்கடைக்கு. ராஜபாய் எங்கள் வீட்டுக்கு ஜாக்கெட் தைப்பவள், அந்தப் பக்கத்தில் தமிழில் படித்தவள், சர்ச்சில் சண்டே ஸ்கூல் எடுப்பவள். அவளிடம் என் மனைவி நாலு மாதம் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்திருக்கிறாள். மலையாளம் தெரிந்தவர்களுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் பெரிய மலை இல்லை, பாதி எழுத்து சாயலிலேயே பிடிபட்டுவிடும். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஒன்றை ஒருத்தி எட்டிப் பிடிக்கவே மாட்டாள் என்று முப்பது வருஷம் நினைத்தவனை என்ன சொல்வது? எல்லையில் வசிக்கிற முட்டாள்தனம் அது. தினமும் தாண்டுகிற ரோட்டை யாரும் தாண்டமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

கும்ப மாதத்தில், அதாவது மாசியில், என் பிறந்தநாள் வந்தது, அறுபத்திரண்டு முடிந்தது. காலையில் கோவிலுக்குப் போய்வந்து, பாயசம் குடித்து, தீபு போனில் வாழ்த்துச் சொல்லி எல்லாம் ஆயிற்று. அவன் இந்த வருஷம் ஒரு பூதக்கண்ணாடி அனுப்பியிருந்தான். சத்யபாமா கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஞானும் ஒரு சம்மானம் வச்சிருக்கேன்.”

“பேனாவா?”

“அல்ல.”

“பொன்னாடையா? மிக்ஸிக்கு ஒண்ணு இருக்கு. கிரைண்டருக்குத்தான் இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. என் முதல் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். முதல் பக்கத்தைத் திறந்தாள். ஆள்காட்டி விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, ஒவ்வொன்றாக, சின்னப் பிள்ளை போல வாசித்தாள்.

“க…டை…சி… பஸ்… போ…ன… பி…ற…கு…ம்…”

முதல் வரி முடிய இரண்டு நிமிஷம் ஆனது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதைப் பொய் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் எழுதியிருக்கிறேன், என் வீட்டுக்குள் என் வரி ஒன்று சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து போய் அவள் தலையில் கை வைக்க வேண்டும் போல இருந்தது. இதைவிட நல்ல பரிசு எவனுக்கும் எவளும் கொடுத்திருக்கமாட்டாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நிமிஷம் இருந்தது.

“புத்தகம் பின்ன வாசிக்கலாம்” என்றாள் சத்யபாமா. “எனக்கு வேண்டியது பச்ச நோட்டாக்கும். அதில மோள் உண்டல்லோ.”

நான் அவசரமாகச் சொன்னேன்.

“எனக்க கையெழுத்து உனக்குப் புரியாது. எனக்கே புரியாது.”

“புரியும். நீங்க சுருட்டிப் போட்ட தாளெல்லாம் ஞான் எடுத்து வச்சேன். ராஜபாய் அத வச்சுத்தான் படிப்பிச்சா. உங்களுக்க ‘ற’ மட்டும் கொஞ்சம் பாடு.”

“அது சும்மா எழுதினது. கதையாக்கும். நீ நினைக்கமாதிரி ஒண்ணுமில்ல.”

“ஞான் ஒண்ணும் நினைக்கல்ல” என்றாள். “இருபத்தாறு வருஷமா நீங்க ஒருத்தர் மட்டும் அவகூட இருக்கிய. தினமும் இந்த மேசையில இருந்து அவளுக்க பேர எழுதுதிய. எனக்கு அது பாத்துப் பாத்து பொறாமையாட்டு இருக்கும். ஒரு போட்டோகூட நம்மகிட்ட நல்லதா இல்ல. ஞானும் அவள ஒருக்க பாக்கணும். நாளைக்கு உச்சைக்கு தொடங்கலாம்.”

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பரிசு எனக்கென்று நினைத்தேன், அவள் தனக்கும் சேர்த்து வாங்கியிருந்தாள். நான் நோட்டில் மகளைப் பத்திரமாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அவள் நம்பியிருக்கிறாள். நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்னை. அதை அவள் எழுத்துக் கூட்டி வாசிக்கப் போகிறாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே பச்சை நோட்டை என் பழைய கண்டக்டர் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பாறசாலையில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவள் “உச்சைக்கு முன்னே வந்திடணும்” என்று மட்டும் சொன்னாள். பாறசாலையில் இறங்கி, அங்கிருந்து பூவாறு பஸ்ஸில் ஏறினேன். பொழிமுகத்தில், நெய்யாறு கடலில் சேருகிற இடத்தில், நோட்டை எறிந்துவிடுவது என்று முடிவு. வீட்டில் எரித்தால் புகையும் சாம்பலும் மிஞ்சும். கடலுக்குப் போனால் பேச்சில்லை. பஸ்ஸில் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். முப்பது வருஷம் பஸ்ஸில் பிறர் மறந்து விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தவன், நானே ஒரு தடவை மறந்தால் நம்பமாட்டாளா?

பூவாறில் கூட்டம். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்ட டூரிஸ்டுகள் படகுகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு படகுக்காரன் “போட்டிங் உண்டு சாரே, ஒரு மணிக்கூர்” என்று பின்னாலேயே வந்தான். அவனைத் துரத்திவிட்டு மணல்திட்டில் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். இதெல்லாம் சத்யபாமாவின் ஊர். கல்யாணம் ஆன புதிதில் இந்த மணலில்தான் இருவரும் வந்து உட்கார்ந்தோம். அவள் மடியில் வைத்திருந்த வேர்க்கடலையை நான் தின்று தீர்த்தேன்.

பையைத் திறந்து நோட்டை எடுத்தேன். எறிவதற்கு முன் ஒரு பக்கம் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரு பக்கம் நாலு பக்கமாயிற்று. பிறகு முழுக்கவும் வாசித்தேன். வாசித்து முடித்தபோது எனக்குள் வந்த நினைப்பை இங்கே எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன். குழிக்கரையில் அந்தப் புருஷன் நிற்கிற இடம், மழை நின்று தவளைகள் கத்துகிற இடம், அவன் மனைவியின் ஈரத் துணி மூட்டையைப் பார்க்கிற இடம் எல்லாம் கச்சிதமாக வந்திருந்தன. என் இரண்டு புத்தகங்களிலும் அந்த மாதிரி ஒரு பக்கம் கிடையாது. இதை எப்படிக் கடலில் போடுவது?

போடவில்லை. பெண்டாட்டிக்குப் பயந்து வந்தவன், நன்றாக எழுதியிருக்கிறேன் என்ற நினைப்பில் அந்த நோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். சீ என்று இருந்தது. அதற்குப் பிறகும் போடவில்லை. பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. சத்யபாமா சாப்பாட்டு மேஜையைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள். அவளுடைய கண்ணாடியும் தீபு அனுப்பிய பூதக்கண்ணாடியும் மேஜைமேல் இருந்தன.

“பச்ச நோட்ட காணல்ல” என்றாள்.

பையிலிருந்து எடுத்து வைத்தேன். அதை ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று அவள் கேட்கவில்லை. சாப்பிடச் சொல்லவும் இல்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள், நெற்றியில் ஒற்றிக்கொண்டாள், பிரித்தாள். சாமி புத்தகத்துக்குச் செய்கிற மாதிரிதான் செய்தாள்.

“வேண்டாம் பாமா” என்றேன்.

“இரிங்க.”

வாசித்தாள். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் என்றால் நாலு நிமிஷத்தில் முடிந்துபோயிருக்கும். இவள் ஒரு எழுத்தை வாசித்து, அடுத்த எழுத்துக்குப் போய், திரும்பி வந்து இரண்டையும் சேர்த்து, சொல்லாக்கி, அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போனாள். அவளுக்கு முன்பே, அந்த வரி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அவள் அங்கே வந்து சேர வேண்டும். நான் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொன்றாக என் காதில் கேட்டேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

“அ…வ…ள்… அவள். யா…ரி…ட…மு…ம்… யாரிடமும்.”

விரல் நகர்ந்தது.

“சொ…ல்…லா…ம…ல்… சொல்லாமல். து…ணி… மூ…ட்…டை…யை…”

விரல் நின்றது. அவள் அந்த வரியை ஆரம்பத்திலிருந்து மறுபடியும் வாசித்தாள், இந்தத் தடவை திக்காமல். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“ஞான் வாசிச்சது சரிதானா?”

தப்பு என்று சொல்லியிருக்கலாம். நாலு மாதம் படித்தவள், நான் சொன்னால் நம்பியிருப்பாள். அது என் நாக்கு நுனி வரை வந்தது. எப்படியோ சொல்லவில்லை.

“சரிதான். ஆனா அது கதையாக்கும், பாமா. கதையில எல்லாம் மாத்தித்தானே எழுதுவோம்.”

“ஞான் செல்லிட்டுதான் போனேன்.”

நான் மேஜையைப் பார்த்தேன்.

“வாசல்ல நின்னு செல்லினேன். நீங்க ‘உம்’ணு செல்லினிய. பிறவு ஒருக்க திரும்பிப் பாத்தேன். குனிஞ்சு எழுதிட்டு இருந்திய.” அவள் குரலில் கோபமே இல்லை. ரேஷன் கடையில் என்ன கிடைத்தது என்று சொல்வது போலச் சொன்னாள். “நீங்க என்ன நினைச்சிய? எனக்கு மறந்துபோச்சுண்ணா?”

“பின்ன எதுக்கு போலீஸுக்கிட்ட…” என்று ஆரம்பித்தேன்.

“போலீஸு வந்தப்பளும் உங்க கையில பேனா இருந்து. மூடி போடாத பேனா. விரலெல்லாம் மை. அத கீழ வைக்கணும்ணு கூட உங்களுக்கு தோணல்ல. உங்கள பாத்தா பயமாட்டு இருந்து. இந்த ஆளு மேல இதையும் வச்சா இது உடைஞ்சு போவும், எழுத்தும் போவும், ஆளும் போவும்ணு நினைச்சேன். ஒருத்தி போயாச்சு. அதாக்கும் அப்பிடி செல்லினேன்.” கழற்றிய கண்ணாடியை மடக்கினாள். “நீங்க பின்ன ஒருநாள் எனக்கிட்ட மட்டுமாவது செல்லுவியன்னு இருந்தேன். வேற ஆருக்கும் செல்லாண்டாம், எனக்கிட்ட. செல்லல்ல. சரி, செல்ல முடியல்ல, எழுதுதாருண்ணு சமாதானப்பட்டேன்.”

எனக்கு முகத்தை மறைக்கக் கை வரவில்லை. என் அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லையும் இவள் எல்லாம் தெரிந்தேதான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த இருபத்தாறு வருஷமும் நான் இவளை மன்னித்துக்கொண்டிருந்தேன், ஒன்பது தடவை, நல்ல நடையில்.

“பாமா…”

“அது போவட்டு” என்றாள். “எனக்கு அது வேண்டாம்.”

அவள் கண்ணாடியைத் திரும்பவும் மாட்டினாள். நோட்டின் பக்கங்களைப் புரட்டினாள். வேகமாகப் புரட்டினாள், பிறகு நிதானமாக, பிறகு பின்னாலிருந்து முன்னால். அவள் மகளின் பெயரைத்தான் தேடினாள். அதை வாசிக்க அவளுக்கு ராஜபாய் தேவைப்பட்டதே இல்லை. பெயர் வந்த இடங்களிலெல்லாம் நகத்தால் தொட்டாள். அதற்கு முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரி என்று எழுத்துக் கூட்டினாள். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்தும் பார்த்தாள். வெயில் மேஜையிலிருந்து இறங்கித் தரைக்குப் போயிற்று. முழு நோட்டையும் அவளால் ஒரு மதியத்தில் வாசிக்க முடியாது, ஆனால் தேவையான அளவு வாசித்துவிட்டாள்.

“இதில மோள் எங்க?” என்று கேட்டாள்.

“எல்லா பக்கத்திலயும் இருக்காளே” என்றேன்.

“பேரு உண்டு. இங்க பேரு, இங்க பேரு, இங்கயும் பேரு. விழுந்தா, எடுத்தாங்க, கிடத்தினாங்க. நீங்க நிக்கிய, நீங்க அழுதிய, நீங்க மழைய பாக்கிய.” அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதுவரைக்கும் வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. “அவ ஒரு வார்த்த பேசல்லியே. இவ்வளவு எழுதிருக்கிய, எனக்க பிள்ள ஒருக்ககூட வாய தொறக்கல்லியே. அவ காக்காய என்ன செல்லி கூப்பிடுவா? அது இல்ல. சோறு வேண்டாண்ணு எங்க போயி ஒளிப்பா? அது இல்ல. சிரிச்சது இல்ல. ஞான் அவள பாக்கலாம்ணு நாலு மாசம் எழுத்து படிச்சேன்.”

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள்.

“வேற எழுதுங்க. என்ன பத்தியும் வேண்டாம், உங்கள பத்தியும் வேண்டாம். அவ சிரிச்சத எழுதுங்க. ரெண்டு பக்கம் மதி, அது போதும். எழுதி வையுங்க, ஞான் வாசிக்கேன்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எனக்குச் சோறு எடுத்து வைத்தாள்.

இது நடந்து பதினோரு நாளாகிறது. தினமும் மேஜையில் உட்காருகிறேன். ‘நீது’ என்று எழுதுகிறேன். அதற்கு அடுத்த சொல் வரவில்லை. குழியை எழுதச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன், அந்தத் தண்ணீரின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை. குழந்தை எப்படிச் சிரித்தாள் என்று ஞாபகம் இல்லை. அவள் காக்கையைக் கூப்பிட்டாள் என்பதே எனக்குத் தெரியாது. அவள் வாசலில் நின்று கூப்பிட்டிருப்பாள், நான் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்திருப்பேன். ஏதாவது கற்பனை செய்து எழுதலாம், அது எனக்குக் கை வந்த தொழில்தான். ஆனால் வாசிக்கப் போகிறவள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

சத்யபாமா காலையிலும் மாலையிலும் மேஜைப் பக்கம் வந்து தாளைப் பார்க்கிறாள். ஒரு சொல்தான் இருக்கிறது என்று வாசித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுக்களைக்குப் போகிறாள். அங்கிருந்து பாத்திரச் சத்தம் கேட்கிறது. மகள் எப்படிச் சிரிப்பாள் என்று கேட்டால் சொல்லுவாள், அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதை அவளிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.